பொட்டு எங்கே?

ஃபில்டர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? காபிதானே! எனக்கும் அப்படித்தான். பித்தளையோ எவர்சில்வரோ, அடியில் பொடிப் பொடியாக ஓட்டை போட்ட அந்த இரண்டடுக்குப் பாத்திரத்துக்குத்தான் நம் வீடுகளில் அந்தப் பெயர். ஆனால் வீட்டிலிருக்கும் கல்லூரிப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். "போனில் இருக்குமே, முகத்தைப் பளிச்சென்று ஆக்குமே, அது!" என்பாள். எங்கள் பத்திரிகையின் போட்டோகிராபரைக் கேட்டாலோ, ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து வட்ட வட்டமான கண்ணாடிகளை எடுத்துக் கடை பரப்பிவிடுவார். சிவப்பு, மஞ்சள், பச்சை, சாம்பல்... வளையல்காரர் பெட்டி தோற்றது, போங்கள்!

மூன்று ஃபில்டருக்கும் தொழில் ஒன்றுதான். எதையோ மேலே நிறுத்திக்கொண்டு எதையோ கீழே இறக்குவது. காபியில் எது நிற்கிறது, எது இறங்குகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போட்டோவில் எது நிற்கிறது, எது இறங்குகிறது? அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள், காமிராப் பாடம் நடத்தப் போவதில்லை. சரி, கொஞ்சம் நடத்துவேன். அது இல்லாமல் விஷயம் விளங்காது.

உங்கள் வீட்டில் பாட்டியின் அல்லது கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் போட்டோ இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா நாற்காலியில், பாட்டி பக்கத்தில், நடுவே ஒரு பூஜாடி, பின்னால் திரையில் எழுதிய மாளிகை. பாட்டியின் நெற்றியைப் பாருங்கள். குங்குமம் தாரைத் தொட்டு வைத்தமாதிரி கன்னங்கரேல் என்று இருக்கும். வெற்றிலை போட்டுச் சிவந்த உதடு மை பூசியதுபோல் இருக்கும். "பாட்டி நல்ல மாநிறம்டீ, படத்தில்தான் இப்படிக் கறுத்துப் போய்விட்டாள்" என்று அம்மா சொல்லியிருப்பாள். நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள். அம்மா சொன்னது நிஜம்.

அந்தக் காலத்துப் போட்டோத் தகட்டுக்குச் சிவப்பு கண் தெரியாது. நீலம் மட்டும் நன்றாகத் தெரியும். அதனால்தான் பழைய படங்களில் வானம் வெறும் காகிதமாக வெளுத்துக் கிடக்கிறது. குங்குமம் கறுத்துக் கிடக்கிறது. 1873-ல் ஹெர்மன் வோகல் என்ற ஜெர்மன் ரசாயனப் பேராசிரியர், தகட்டில் சாயம் கலந்தால் பச்சையையும் அதற்குக் காட்டலாம் என்று கண்டுபிடித்தார். சிவப்பு உள்பட எல்லா நிறமும் தெரிகிற தகடு 1906-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. ஆனாலும் பழைய வகையை யாரும் உடனே விட்டுவிடவில்லை. இருட்டறையில் சிவப்பு விளக்கை எரியவிட்டுக்கொண்டு சௌகரியமாக வேலை செய்யலாமே! நம் தோலிலோ சிவப்பும் பழுப்பும்தான் ஜாஸ்தி. சிவப்புக் கண் தெரியாத பிலிமில் நாம் எல்லோருமே ஒரு படி கறுத்துத்தான் விழுவோம்.

ஸ்டூடியோக்காரர் அதைச் சும்மா விடுவாரா? நெகடிவை வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் கன்னத்திலும் நெற்றியிலும் மெதுவாகத் தீட்டுவார். நெகடிவில் கறுப்பாவது பிரதியில் வெளுப்பாகும் அல்லவா? பென்சில் கறுப்பைப் பூசப் பூசப் பெண் வெள்ளையாவாள்! எத்தனை கல்யாணங்கள் அந்தப் பென்சில் முனையில் நிச்சயமாயிருக்கும் என்று கணக்கெடுத்தால் தலை சுற்றும்.

வர்ணப் பிலிம் வந்த பிறகாவது நம் நிறம் நமக்குக் கிடைத்ததா? அதுவும் இல்லை. கோடக் கம்பெனியார் பிலிம் கழுவும் கடைகளுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் ஷிர்லி என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் முகம் சரியாக விழுந்தால் மிஷின் சரி என்று அர்த்தம். அவள் மாதிரி இல்லாதவர்கள் பாடு அவரவர் பாடு. அதற்குப் பிறகு அட்டையில் வேறு வேறு பெண்கள் மாறி மாறி வந்தார்கள். பெயர் மட்டும் ஷிர்லி என்றே நிலைத்தது. பல நிறத்துப் பெண்களைச் சேர்த்து ஒரே அட்டையில் போட 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது போன். பென்சிலும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். பல போன்களில் நாம் கேட்காமலே முகத்துக்கு ஒரு கோட்டிங் அடித்துத்தான் படம் வெளியே வருகிறது. இது முறையில்லை என்று 2020-ல் கூகுள் கம்பெனியார் தங்கள் போனில் அந்த வேலை தானாக நடப்பதை நிறுத்தி, வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். மற்ற போன்களில் எது எப்படி என்பதை நாம்தான் துழாவிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கதையெல்லாம் எனக்கு இத்தனை அக்கறையாகப் பட்டது சென்ற ஆனி மாதத்தில், தோணிரேவில்.

தோணிரேவு பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஊர். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரி போய் அங்கிருந்து பஸ் பிடித்தால் உப்புக் காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் பழவேற்காடு வந்துவிடும். தோணி நமக்குத் தெரியும். ரேவு என்றால் துறை. தெலுங்கிலும் அதே சொல்தான். ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது, ஆகையால் பேச்சிலும் அக்கரை வாசனை வீசுவதில் ஆச்சரியமில்லை. ஒடிஷாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர்தான் மண்டிக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைகள் மட்டும் ஜோராக இருக்கின்றன. பூநாரை பார்க்கிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். ஆனியில் வருகிறவர்கள் எங்களைப் போல் வேறு காரியமாக வருகிறவர்கள்தான்.

எங்கள் காரியம், கையால் இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றி எழுதுவது. வலையும் இல்லை, தோணியும் இல்லை. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து, தவழ்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, விரலில் தட்டுப்படும் இறாலை எடுப்பார்கள். எடுத்ததை எங்கே போடுவது? பனை ஓலையால் முடைந்த பறி ஒன்று இருக்கிறது. அதன் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். கை இரண்டும் தண்ணீருக்குள்ளே. பறி வாயிலே தொங்கும். மணிக்கணக்கில் அப்படித்தான். வீட்டில் நாம் வாயில் ஹேர்ப்பின்னைக் கவ்விக்கொண்டு பின்னல் போடுவதற்கே அலுத்துக்கொள்கிறோம்!

அப்படிப்பட்ட ஓர் அம்மாள் பகல் 12 மணி வாக்கில் கரையேறினாள். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். போட்டோகிராபர் நின்ற இடத்திலேயே ஒரு படம் எடுத்தார். எடுத்ததைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நானும் எட்டிப் பார்த்தேன். ஏரி தகதகவென்று மின்னியது. அந்த அம்மாள் முகம் மட்டும் கரித்துண்டாக இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி.

காமிராவைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. உச்சி வெயில் தலைக்கு மேலிருந்து விழுகிறது. புருவம் கண்ணுக்கு மேல் கூரை போட்டுவிடுகிறது. முகத்துக்குப் பின்னால் தண்ணீர் கண்ணாடியாய்க் கூசுகிறது. காமிரா அந்தக் கூச்சத்துக்கு அளவு வைத்தால் முகம் கரியாகும். முகத்துக்கு அளவு வைத்தால் ஏரி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். இரண்டையும் ஒரே படத்தில் வைக்க வேண்டுமானால் முகத்துக்கு மட்டும் தனியாக வெளிச்சம் கொடுக்க வேண்டும். அதாவது பட்டப்பகலில் விளக்கு!

சிரிக்காதீர்கள். வெளிப்புறப் படப்பிடிப்பு பார்த்திருப்பீர்களே, வெள்ளித்தாள் ஒட்டிய பலகையை இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக் கதாநாயகி முகத்தில் வெயிலைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். அதுவும் விளக்குத்தான். 1957-ல் வந்த 'மாயாபஜார்' படத்தில் நிலா வெளிச்சத்தில் ஓடம் போகும் பாட்டு இருக்கிறதே, அந்த நிலா முழுக்க முழுக்க ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லியின் கைவேலை. அந்தப் பாட்டின் ஆரம்பக் காட்சியை எடுத்தது எண்ணூரில். தோணிரேவிலிருந்து தெற்கே இதே கரையோரம்தான். செம்படவர் கதையான 'செம்மீன்' படத்துக்கும் (1965) அவர்தான் ஒளிப்பதிவு. கடற்கரையில் முகத்தை எப்படிக் காட்டுவது என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளாத காமிராக்காரர் தென்னாட்டில் கிடையாது என்பது எங்கள் போட்டோகிராபரின் கட்சி.

நாங்கள் விளக்கையும் குடையையும் வெளியே எடுப்பதை அந்த அம்மாள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மேடம், எம் பொண்ண ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கச் சொல்றியா? மாப்ள வூட்டுக்கு அனுப்பறதுக்கு."

"தாராளமாய் எடுக்கச் சொல்கிறேன், அம்மா."

"வெள்ளையா எடுக்கச் சொல்லு."

பெண் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். பொன்னேரியில் கல்லூரிப் படிப்பை முடித்தவள். அம்மாவின் நிறம், அம்மாவின் எடுப்பான கன்னம், நெற்றியில் வட்டமாகச் சிவப்புக் குங்குமம். அம்மா சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

விஷயம் இதுதான். தை மாதம் ஓர் இடத்திலிருந்து கேட்டிருந்தார்கள். உறவுக்காரப் பையன் ஒருவன் தன் போனில் இவளைப் படம் எடுத்து அனுப்பினான். போன் தன் கைவரிசையைக் காட்டியது. ரோஜாப்பூ மாதிரி ஒரு பெண் படத்தில் நின்றாள். மாப்பிள்ளை வீட்டார் எட்டுப் பேர் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், காபி சாப்பிட்டார்கள், பெண்ணைப் பார்த்தார்கள். போய்ச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். மறுநாள் தரகர் போனில் சொன்னார்: "போட்டோவுல இருக்கிற பொண்ணு வேறயாம்."

"எட்டுப் பேரு, மேடம்!" என்றாள் அந்த அம்மாள். கேசரிக்காக அவள் அதைச் சொல்லவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

"அப்படியானால் இந்தத் தடவையும் எதற்கு அம்மா வெள்ளையாக?" என்று கேட்டேன்.

"கறுப்பாத் தெரிஞ்சா வரவே மாட்டாங்களே!"

இதற்கு என்ன பதில் சொல்வது? நம் தெருவில், நம் வீட்டில், நம் சொந்தக்காரர்கள் நடுவில் இந்தப் பேச்சு நடக்கவில்லையா? முகத்துக்குப் பூசும் பிரபலமான கிரீம் ஒன்று 1975-ல் சிவப்பழகைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு கடைக்கு வந்து, 2020-ல்தான் அந்தப் பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாறிவிட்டது. கல்யாணத் தரகரின் நோட்டுப் புத்தகத்தில் "நிறம்" என்ற பத்தி இன்னும் இருக்கிறது. தோணிரேவு அம்மாளிடம் போய் நான் உபதேசம் செய்ய ஆரம்பித்தால் ஏரித் தண்ணீரே சிரிக்கும்.

போட்டோகிராபர் அதிகம் பேசுகிறவர் இல்லை. "வெள்ளையாத்தானேம்மா? எடுத்தாப் போச்சு" என்றார். காமிராவைக் கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் திருப்பினார். பையிலிருந்து சிவப்புக் கண்ணாடியை எடுத்து லென்ஸின் முகப்பில் திருகினார். பெண்ணைத் திண்ணை நிழலில் நிறுத்தி ஒன்று எடுத்தார். காமிராவின் முதுகிலிருக்கும் சின்னத் திரையை அம்மாவிடம் காட்டினார்.

வாஸ்தவமாகவே பெண் வெளுத்திருந்தாள். சிவப்புக் கண்ணாடியின் குணம் அது. சிவப்பு வெளிச்சத்தை உள்ளே விடும், மற்றதை நிறுத்திவிடும். தோலிலுள்ள சிவப்பெல்லாம் வெளிச்சமாக மாறி முகம் பளபளவென்று வெளுக்கும். தழும்பு, பரு, கருவளையம் எல்லாம் மாயம். பின்னால் தெரிந்த நீல வானம் மட்டும் இடி மழைக்கு முந்தின வானமாகக் கறுத்துவிட்டது.

அம்மாள் சந்தோஷமாகத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் திரையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"பொட்டு எங்க?"

பொட்டு இல்லை. குங்குமமும் சிவப்புத்தானே? அதுவும் வெளுத்து நெற்றியோடு நெற்றியாகக் கரைந்துவிட்டது. உதடும் அப்படியே. முகத்தில் வாய் இருக்கும் இடத்தில் ஒரு மங்கலான கோடு. வெறும் நெற்றியோடு, இரத்தம் செத்த உதட்டோடு, யாரோ ஒரு பெண்.

"அய்யய்யோ! பொட்டில்லாத எம் பொண்ண நான் யாருக்கு அனுப்பறது? இன்னா கெட்ட சகுனம்! அழிச்சிடு சார், அழிச்சிடு!"

போட்டோகிராபர் அழித்தார். சிவப்பைக் கழற்றிவிட்டுப் பச்சைக் கண்ணாடியை மாட்டினார். பச்சை, சிவப்புக்கு நேர் எதிரி. இப்போது பொட்டு அச்சில் வார்த்ததுபோல் விழுந்தது. உதட்டின் வரை தெரிந்தது. கண்ணுக்குக் கீழே, மூக்கின் பக்கம், கழுத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் வந்தது. முகம் கறுப்புத்தான்; ஆனால் முகமாக இருந்தது.

அம்மாள் இரண்டுங்கெட்டானாக நின்றாள். அப்போதுதான் பெண் வாயைத் திறந்தாள்.

"அண்ணே, என்ன மாதிரியே எடுங்க. வந்து பாத்துட்டுத் திரும்பிப் போறதுக்கு, போட்டோவப் பாத்துட்டு வராமலே இருக்கட்டும்."

அம்மாள் அவளைப் பார்த்தாள். பிறகு, "சாயங்காலமா எடு சார், வெயில் தாழட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறாலைப் பிரிக்கப் போய்விட்டாள்.

மாலை 5 மணிக்கு ஆரம்பித்தோம். இனிமேல் வருவதுதான் நான் முன்பே எச்சரித்த பாடம். பெண்ணை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பவுடர் டப்பா. அம்மாள் ஞாபகமாக எடுத்து வந்திருந்தாள். போட்டோகிராபர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். கறுத்த முகத்தில் பவுடரைப் பூசி ஃபிளாஷ் விளக்கைப் போட்டால் விபூதிப் பூச்சாக, சாம்பலாக விழுமாம். இதைப் புரிந்துகொள்ள ஜவுளிக் கடைக்குப் போவோம். வெள்ளைப் பருத்திப் புடவையை எந்த வெளிச்சத்தில் விரித்தாலும் தெரியும். கறுப்புப் பட்டுப் புடவையைக் கடைக்காரர் எப்படிக் காட்டுகிறார்? மடிப்பைத் தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்து, வெளிச்சம் அதன்மேல் வழுக்கி ஓடும்படி திருப்புகிறார். அந்தப் பளபளப்பில்தான் பட்டு தெரிகிறது. கறுப்புத் தோலும் பட்டு மாதிரி. அதற்கு அதிக வெளிச்சம் தேவையில்லை. சாய்ந்து விழும் அகலமான வெளிச்சம் தேவை. நெற்றியில், கன்ன எலும்பில், மூக்குத் தண்டில் மினுமினுப்பு ஓடினால் முகத்துக்கு உருவம் கிடைத்துவிடும். பவுடர் அந்த மினுமினுப்பைக் கொன்றுவிடுகிறது.

தண்ணீரின் கூச்சத்தைப் போக்கும் போலரைசர் என்ற கண்ணாடி ஒன்று இருக்கிறது. ஏரியைப் படம் எடுக்க உயர்ந்த சாமான். அது தோலின் மினுமினுப்பையும் சேர்த்துத் துடைத்துவிடும் என்பதால் அதையும் பைக்குள்ளேயே போட்டுவிட்டார்.

பெண்ணைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். வெயில் தலைமுடியின் ஓரத்தில் ஜரிகைக் கரை கட்டியது, கண்ணும் கூசவில்லை. முகத்துக்கு ஃபிளாஷ். அதை நேராக முகத்தில் அடித்தால் போலீஸ் ஸ்டேஷன் படமாகிவிடும். ஆகவே முகத்துக்கு ஒரு பக்கமாக, கண்ணுக்குச் சற்று மேலே, வெள்ளைக் குடைக்குள் புகுந்து பரவி வரும்படி வைத்தார். குடை பிடிக்கும் உத்தியோகம் எனக்கு.

ஏரிக்காற்றில் அந்தக் குடை செய்த அட்டகாசம் இருக்கிறதே! வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் பார்த்தார். தோணி தள்ளும் கழி ஒன்றைக் கொண்டுவந்து மணலில் ஊன்றி, குடைக் காம்பை அதோடு சேர்த்துக் கட்டினார். "பாயக் கட்டறவனுக்குக் குடையக் கட்டத் தெரியாதாம்மா?" என்றார். அதற்குப் பிறகு குடை அசையவில்லை. எனக்கும் உத்தியோகம் போயிற்று.

பெண்ணுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள், பிளாஸ்டிக் டிரம், கிழிந்த வலைக் குவியல். அவற்றை மங்கலாக்க வேண்டுமானால் லென்ஸின் கண்ணை அகலத் திறக்க வேண்டும். திறந்தால் வெளிச்சம் வெள்ளமாகப் புகுந்துவிடும். வேகமாக மூடினால் என்ன என்று கேட்பீர்கள். காமிராவுக்குள் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. சாதாரணமாக, விநாடியில் 200-ல் ஒரு பங்குக்கு மேல் வேகம் வைத்தால் இரண்டு திரையும் ஒரே சமயத்தில் முழுக்கத் திறந்திருக்காது. ஃபிளாஷ் பாதி முகத்தில்தான் விழும். இதற்கு வேறு யுக்திகளும் உண்டு என்றாலும் எங்கள் போட்டோகிராபருக்குப் பிடித்தது சாம்பல் கண்ணாடி. எந்த நிறத்தையும் தொடாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் குறைக்கும். உச்சி வெயிலில் 16-ல் ஒரு பங்கை விடும் கண்ணாடி வேண்டியிருக்கும். மாலை ஆகிவிட்டதால் 8-ல் ஒரு பங்கு விடும் கண்ணாடி போதுமாயிருந்தது. ஃபில்டர்களிலே பாரபட்சம் தெரியாதது இது ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக ஒரு சிறு துண்டு ஆரஞ்சு நிற ஜெலட்டின் தாள். இது லென்ஸுக்கு அல்ல, விளக்குக்கு. ஃபிளாஷின் வெளிச்சம் நடுப்பகல் வெயிலைப் போல வெள்ளை. மாலை வெயிலோ மஞ்சள் குளித்தது. தாளைக் கட்டாமல் அடித்தால், மாலை நேரத்து ஏரிக்கரையில் ஒரு பெண் டியூப் லைட் அடியில் நிற்பதுபோல் இருக்கும். தாளைக் கட்டியதும் விளக்கு வெயிலோடு சேர்ந்துவிட்டது. விளக்கு எங்கே முடிகிறது, வெயில் எங்கே தொடங்குகிறது என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியவில்லை.

இத்தனை சாமான் எங்களுக்கு எங்கே என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் வாசல் நிழலில் வெளியைப் பார்த்துப் பெண்ணை நிறுத்துங்கள். ஒரு பக்கத்தில், வெயில் பட்டு முகத்துக்குத் திரும்பும்படி, தோய்த்த வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டு பேர் விரித்துப் பிடியுங்கள். அதுவே எங்கள் குடை. போனில் அழகு, மெருகு என்று என்ன பெயரில் இருந்தாலும் அதை அணைத்துவிடுங்கள். திரையில் முகத்தைத் தொட்டால் போன் முகத்துக்கு அளவு வைத்துக்கொள்ளும். பவுடரைப் பூட்டி வையுங்கள்.

பெண் முதலில் விறைத்துத்தான் நின்றாள். தை மாதத்து எட்டுப் பேரும் காமிராவுக்குப் பின்னால் நிற்பதாக நினைத்துக்கொண்டாளோ என்னவோ! பெரியவர் குடையைக் கட்டிய அழகைப் பார்த்து அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பினாள். அந்தத் திருப்பத்தில் ஃபிளாஷ் மின்னியது.

திரையில் நான் பார்த்த படத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது? நல்ல கறுப்பு. செம்பு கலந்த, மாலை வெயில் ஏறிய கறுப்பு. கன்னத்தில் மினுமினுப்பு ஓடியது. விளக்கின் சின்னப் புள்ளி இரண்டு கண்ணிலும் நின்றது. நெற்றியில் குங்குமம் குங்குமமாகவே இருந்தது. பின்னால் டிரம்மும் மோட்டார் சைக்கிளும் கரைந்து, ஏரி மட்டும் ஒரு நீளமான வெளிச்சக் கோடாகத் தெரிந்தது.

அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். "கறுப்பாத்தான் இருக்கா" என்றாள். பிறகு, யாரிடம் சொல்கிறோம் என்றில்லாமல், "எங்க அம்மா இப்பிடித்தான் இருக்கும். அதுக்கு ஒரு போட்டோ கூடக் கெடயாது" என்றாள்.

போட்டோகிராபர் விளக்கை அணைக்கவில்லை. "நீங்களும் நில்லுங்கம்மா" என்றார். நான் எதுக்கு, சேறும் சகதியுமா என்று கொஞ்சம் பிகு செய்துவிட்டுப் பறியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். பல்லில் கவ்வவில்லை, இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாட்டரியில் மிச்சமிருந்த வெளிச்சம் மூன்று படத்துக்கு வந்தது.

வர்ணப் பிரதிகளைச் சென்னையிலிருந்து தபாலில் அனுப்பினோம். அம்மாளுடைய படம் ஒன்று, பெண்ணுடையது நான்கு. பெண் போனில் பேசினாள். தரகரிடம் படத்தைக் கொடுத்தாயிற்றாம். நிறம் என்ற பத்தியில் என்ன போடுவது என்று அவர் கேட்டதற்கு, "போட்டோவுல இருக்கிறதப் போட்டுக்கய்யா" என்று அம்மாள் சொல்லிவிட்டாளாம். இரண்டு இடத்தில் விசாரித்திருக்கிறார்களாம். யாரும் இன்னும் வரவில்லை. ஆடி மாதத்தில் யார் பெண் பார்க்க வருவார்கள்? இன்று பதினெட்டாம் பெருக்கு. ஆவணி பிறக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.